காஞ்சித் தூதருக்குக் கிடைத்த சீனப் பட்டங்கி

கி.பி. 720-இல் தென்னிந்திய அரசன் ஒருவனின் தூதர்கள் சீனத்தின் தாங் அரசவைக்குப் போனார்கள். சிறுத்தைத் தோலும், பேசத் தெரிந்த ஐந்நிறக் கிளியும் கொண்டுபோனார்கள். அந்த அரசனின் பெயரைச் சீன ஆவணங்கள் தங்கள் ஒலிப்புக்கு ஏற்றபடி 'ஷிலி நலோ செங்கியா' என்று எழுதிவைத்திருக்கின்றன. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மனே இந்த ஸ்ரீ நரசிம்மன் என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. அரேபியரையும் திபெத்தியரையும் தாக்கத் தன் போர் யானைகளையும் படையையும் அனுப்புவதாகச் சொன்ன அவன், அந்தப் படைக்குப் பேரரசரே ஒரு பெயர் சூட்டித்தர வேண்டும் என்றும் கேட்டிருந்தான். பேரரசர் சுவான்சோங் மகிழ்ந்துபோய்ப் பெயர் கொடுத்தார். அந்தப் படை கிளம்பிப் போனதாக எந்தச் செய்தியும் இல்லை. அரசதந்திரத்தில் பாதி இப்படித்தான்.

நமக்கு வேண்டியது அதற்கடுத்த வரி. வெளிநாட்டவருக்கு அங்கியும் இடைக்கச்சையும்தான் பெரிய கௌரவம் என்று தூதர் பேரரசரிடம் சொன்னதாகப் 'புதிய தாங் வரலாறு' குறிக்கிறது. நேரடியாகச் சொன்னால், கேட்டு வாங்கினார். பூவேலை நெய்த பட்டங்கி, பொன் பதித்த தோல் கச்சை, மீன் பை, அவற்றோடு 'ஏழு பொருள்கள்' ஆகியவை அவருக்குத் தரப்பட்டன. ஆறே ஆண்டுகளுக்கு முன், 714-இல், இதே சுவான்சோங் ஆடம்பரத்தை ஒழிப்பதாகச் சொல்லி, அரண்மனை முன்றிலில் பூவேலைப் பட்டுகளைக் கொளுத்தச் செய்தவர். இரண்டு தலைநகரங்களிலும் இருந்த அரசுப் பட்டு நெசவுக்கூடங்களை மூட ஆணையிட்டவர். கொளுத்தியது போக மிச்சம் இருந்ததா, நெசவுக்கூடங்கள் ஓசையில்லாமல் மறுபடி திறந்துகொண்டனவா, எதுவானாலும் வெளிநாட்டுத் தூதர் வந்து நின்றபோது கொடுக்கப் பட்டு இருந்தது.

அந்தப் பரிசை ஓர் உடையாக மட்டும் பார்த்தால் அதன் பாதி கண்ணில் படாது. தாங் அரசவையில் உடையின் ஒவ்வொரு பகுதிக்கும் சட்டம் இருந்தது. மூன்றாம் நிலைக்கு மேற்பட்ட அதிகாரிக்கு ஊதா அங்கியும் பொன் மீன் பையும். ஐந்தாம் நிலைவரை செந்நிற அங்கியும் வெள்ளி மீன் பையும். பையில் இருப்பது மீன் வடிவில் செய்து இரண்டாகப் பிளந்த உலோக அடையாளச் சின்னம். ஒரு பாதி அரண்மனையில் இருக்கும், மறுபாதி அதிகாரியின் இடுப்பில் இருக்கும். அழைப்பு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்தே உள்ளே விடுவார்கள். 'ஏழு பொருள்கள்' என்பவை படை அதிகாரிகள் கச்சையில் தொங்கவிட்டுக்கொண்டவை: வாள், சிறுகத்தி, சாணைக்கல், ஊசிக்குழல், தீக்கல் பை முதலியன. ஆகவே காஞ்சித் தூதர் அணிந்துகொண்டது ஒரு பதவி. சீன அரசவையைப் பொறுத்தவரை, தொலைதூரத்துச் சிற்றரசன் ஒருவன் தங்கள் அதிகார அடுக்கில் ஓர் இடத்தைக் கேட்டுப் பெற்றான், அவ்வளவுதான். அதே ஆண்டில், சீனப் பேரரசுக்காக ராஜசிம்மன் கட்டிய கோயில் ஒன்றுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தந்ததையும் அவர்கள் அதே தொனியில்தான் குறித்திருக்கிறார்கள்.

காஞ்சியிலோ பேச்சே இல்லை. கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் உள்ள சிற்றாலயங்களில் ராஜசிம்மனின் விருதுப்பெயர்கள் இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்ட மன்னன் அல்லன் அவன். ஆனாலும் சீனப் பேரரசர் தந்த பெருமை எதுவும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. தாங் தலைநகர் சாங்ஆனில் பதவியாக இருந்த துணி, கடல் கடந்து இங்கே வந்ததும் விலையுயர்ந்த வெறும் துணியாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு சின்னத்தின் பொருளை அதைத் தந்த அமைப்புதான் காப்பாற்றுகிறது; அந்த அமைப்பின் எல்லையைத் தாண்டினால் பட்டு பட்டாகவும் பொன் பொன்னாகவும் மட்டுமே மிஞ்சும். காஞ்சிப் புடவையில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் இன்று சொல்லப்படும் விளக்கங்களை எடைபோடுவதற்கு இது நல்ல அளவுகோல். அதற்கு முன் சீனப் பட்டின் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும்.

காஞ்சிக்குச் சீனப் பட்டு 720-இல் முதன்முதலாக வரவில்லை. முதல் நூற்றாண்டில் பான் கு தொகுத்த ஹான் வரலாற்று நூலின் நிலவியல் பகுதி 'ஹுவாங்சி' என்ற நாட்டைக் குறிக்கிறது. இதைக் காஞ்சியென்று கொள்வோர் பலர்; நீலகண்ட சாஸ்திரியும் அவர்களில் ஒருவர். சீனத் தூதர்கள் பொன்னும் பலவகைப் பட்டும் கொண்டு கப்பலேறி, அங்கே முத்தும் வைடூரியமும் அரிய கற்களும் வாங்கி வந்தார்கள் என்கிறது அந்நூல். கி.பி. 2-இல் ஹுவாங்சி அரசன் உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றை அனுப்பியதாகவும் ஒரு செய்தி உண்டு. இந்தக் காண்டாமிருகத்துக்குத் துணியில் ஒரு பின்கதை இருக்கிறது. 1391-இல் மிங் அரசு, அதிகாரிகள் தம் அங்கியின் மார்பிலும் முதுகிலும் அணிய வேண்டிய சதுரச் சின்னங்களைச் சட்டமாக்கியது. எழுத்துப்பணி அதிகாரிகளுக்குப் பறவை, படை அதிகாரிகளுக்கு விலங்கு. எட்டாம் நிலைப் படை அதிகாரிக்குக் காண்டாமிருகம். ஆனால் அந்தச் சதுரங்களில் தைக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் ஒரு மாடு. ஊசி பிடித்தவர்கள் காண்டாமிருகத்தைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அணிந்தவரை யாரும் எட்டாம் நிலை அல்ல என்று சொல்லிவிடவில்லை. உருவம் தவறாக இருந்தாலும் சட்டம் சரியாக இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

சீனப் பட்டின் குறியீட்டு மொழியில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று அரசுச் சட்டம். ஐந்து நகமுள்ள யாளிநாகம் (டிராகன்) பேரரசருக்குரியது, நான்கு நகமுள்ளது இளவரசர்க்கும் பிரபுக்களுக்கும். முதல்நிலை எழுத்துப்பணி அதிகாரிக்குக் கொக்கு, மூன்றாம் நிலைக்கு மயில், ஏழாம் நிலைக்கு இணைபிரியா வாத்து. இன்னொன்று வீட்டுக்குள் புழங்கும் மங்கலப் பேச்சு. சீனத்தில் வௌவாலுக்கான சொல்லும் நற்பேற்றுக்கான சொல்லும் ஒரே ஒலி உடையவை. அதனால் நம்மூரில் யாரும் கல்யாணப் புடவையில் பார்க்க விரும்பாத வௌவால், அங்கே மணப்பெண்ணின் உடையில் ஐந்தைந்தாகப் பறக்கும். மேலே சொன்ன அதே வாத்து ஜோடி, அதிகாரியின் மார்பில் பதவியாகவும் தம்பதியின் தலையணையில் இல்லறமாகவும் இருக்கும். நம் சங்கப் பாடல்களின் மகன்றிலை அறிந்த வாசகர்களுக்கு இரண்டாவது பொருளை விளக்க வேண்டியதில்லை.

ராஜசிம்மன் காலத்துச் சீனப் பட்டு எப்படியிருந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துன்ஹுவாங் அருகே மொகாவ் குகைகளில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓர் அறை 1900-இல் திறந்தது. 1907-இல் அங்கே போன தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் ஏராளமான சுவடிகளையும் துணிகளையும் கொண்டுவந்தார். அவற்றுள் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு புத்தர் உருவம், முழுக்கப் பட்டு நூலால் தைத்தது, ஏறத்தாழ 8 அடி உயரம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைலாசநாதர் கோயிலில் உளி ஓடிய அதே நூற்றாண்டில் ஊசி ஓடிய படைப்பு. ஸ்டைனின் பயணச் செலவில் பெரும்பங்கை இந்திய அரசு ஏற்றதால், அவர் கொண்டுவந்தவற்றில் ஒரு பெரும்பங்கு புது தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தது. இந்திய அரசுக்குச் சொந்தமான நூற்றுக்கணக்கான துணித்துண்டுகள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கடனாக இருக்கின்றன. பழைய சீனப் பட்டின் சட்டப்படியான உரிமையாளர்களில் நாமும் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் காலச் சீனப் பட்டில் எதிரெதிராக நிற்கும் இணைப் பறவைகள், விலங்குகள் வட்டத்துக்குள் அமைந்திருக்கும். காஞ்சிப் புடவைக் கரையில் எதிரெதிர் அன்னங்களையும் மயில்களையும் பார்ப்பவர்களுக்கு உடனே ஓர் ஆசை வரும்: அங்கிருந்து வந்ததுதானே இது! இந்த ஆசைக்கு இடம்கொடுக்கக் கூடாது. இணை விலங்கு வட்டம் ஈரானிலிருந்து சீனத்துக்குப் போனது. தாமரையும் சிங்கமும் பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்தும் மேற்கிலிருந்தும் அங்கே போனவை. மேலும், தறியில் பாவு நூல்களைத் தூக்கி உருவம் நெய்கிறவனுக்கு ஓர் உருவத்தைத் திருப்பிப் போட்டு எதிரே நிறுத்துவது எங்கேயும் எளிய வழி. ஒற்றுமை இருப்பது உண்மை, உறவைக் காட்ட அது போதாது.

தமிழில் கல்வெட்டாகவே நிற்கும் சீனப் பட்டுச் செய்தி ஒன்று உண்டு, ஆனால் அது காஞ்சியில் இல்லை, இலங்கையில் இருக்கிறது. கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள தேதி 1409 பிப்ரவரி. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. சீனப் பகுதியின் பட்டியலில் பொன் 1000, வெள்ளி 5000, பலநிறப் பட்டு 50 சுருள், நறுமண எண்ணெய் 2500 கட்டி (சீன எடை அளவு) ஆகியவற்றோடு பொன்னிழை நெய்த பட்டுத் தொங்கல்கள் நான்கு இணையும் வருகின்றன: சிவப்பு இரண்டு, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. தமிழ்ப் பெயர் கொண்ட தெய்வத்தின் முன் சீனப் பேரரசின் பட்டுத் தொங்கல்கள் ஆடியிருக்கின்றன. நம் கோயில்களில் தொம்பைகள் தொங்கும் இடத்தில் அவற்றைக் கற்பனை செய்துகொள்வதில் சிரமமில்லை. மூன்று சமயங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காணிக்கை தந்திருப்பதைப் பார்த்தால், அந்தத் துணியில் என்ன உருவம் இருந்தாலும் அது சொன்ன செய்தி ஒன்றுதான்: மாசீனத்துப் பேரரசரின் கப்பல்கள் வந்திருக்கின்றன.

பொருள் கழன்று விழுவதற்கு இன்னும் அண்மைய சான்று பார்சிகளின் 'காரா' புடவை. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்ப் பார்சி வணிகர்கள் கான்டனிலிருந்து சீன ஊசிவேலைப் பட்டை வாங்கிவந்தார்கள்; பிறகு தங்கள் பெண்கள் உடுத்தும் அளவுக்கே அங்கே தைத்து வாங்கினார்கள். கொக்கு, பியோனிப் பூ, பாலத்தில் நிற்கும் சீன மனிதர்கள் என்று எல்லாம் அதில் உண்டு. பார்சிப் பாட்டிமார் அவற்றுக்குத் தங்கள் வாய்க்கு வந்த பெயர்களை வைத்தார்கள். பொட்டு வரிசைக்கு வெங்காயம்–உருளைக்கிழங்கு, ஒரு பூவுக்குச் சிலந்தி. சீனப் பண்டிதர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அந்தப் புடவை அதற்குப் பிறகுதான் பார்சிகளுடையதாயிற்று.

இனி காஞ்சி. இங்கே நெசவுதான், ஊசிவேலை இல்லை. உருவங்கள் உடலிலும் கரையிலும் முந்தியிலும் கூடுதல் ஊடையாகப் பாயும் ஜரிகையில் எழும். தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, மயில்கண், குயில்கண், வைர ஊசி, ருத்ராட்சம், பாய்மடி, யாளி, இருதலைப்பட்சி, வனசிங்காரம் என்று பெயர்கள் நீளும். கடைகளில் இன்று ஒவ்வொன்றுக்கும் ஆன்மிக விளக்கம் தருகிறார்கள்: ரேக்கு என்றால் கோபுரம், கோபுரம் என்றால் இறைவன், ஆகவே இது கோயிலின் குறியீடு. இந்த அகராதியை நான் நம்பவில்லை. குயில்கண் என்பது வளையத்துக்குள் ஒரு புள்ளி. பாய்மடி என்பது கோரைப்பாயின் பின்னல் தோற்றம். இவை தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வடிவத்தை அடையாளம் சொல்ல வைத்துக்கொண்ட பெயர்கள்.

என் ஐயத்துக்கு வலுவான ஆதாரம் தாழம்பூ. பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு ஆகாதென்று சபிக்கப்பட்ட பூ அது. அந்தக் கதையின் லிங்கோத்பவர் கைலாசநாதர் கோயிலிலேயே சிற்பமாக இருக்கிறார். பிருதிவி லிங்கமாக ஏகாம்பரநாதர் வீற்றிருக்கும் ஊரில், அவர் சந்நிதிக்கே உடுத்திப்போகும் புடவையில், கரையோரம் முழுக்கத் தாழம்பூ ரேக்கு. காஞ்சிக் கரை கோயில் குறியீடுகளின் நூல் என்றால், இது முதல் பக்கத்திலேயே பெரும் பிழை. பிழை என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம், அதை யாரும் குறியீடாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையில் வைத்துப் பின்னிக்கொள்ளும் வாசனைப் பூ, மங்கலமான பூ, வடிவாகவும் இருக்கிறது. போதும்.

அப்படியானால் காஞ்சிப் பட்டுக்குப் பொருளே இல்லையா? உண்டு. அது உருவத்தில் குறைவு, இடத்திலும் முறையிலும் அதிகம். கோயில் மரியாதையில் தலையில் கட்டும் பரிவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி மேல் இருந்த அந்தத் துண்டுத் துணியில் மயிலும் இல்லை, யாளியும் இல்லை. ஆனால் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதற்காக நீதிமன்றம்வரை போன வழக்குகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. தாங் அரசவையின் அங்கிக்கு நம் ஊரில் நேர் உறவுமுறை பரிவட்டம்தான். 2019-இல் 48 நாள் அத்திவரதர் தரிசனத்தின்போது நாளுக்கொரு நிறப் பட்டு சாத்தினார்கள். கூட்டம் நினைவில் வைத்துக்கொண்டது அன்றைய நிறத்தைத்தான், கரையில் என்ன இருந்தது என்று கேட்டவர் குறைவு.

நெய்தவர்களின் தகுதியும் இதே கணக்கில்தான் பேசப்பட்டது. உத்தம சோழன் காலத்துச் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டில் (காஞ்சியில்) நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியருக்கு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவுசெலவைக் கவனிக்கும் பொறுப்பைத் தருகிறது. கோயில் கணக்கு நெசவாளர் கையில்! விஜயநகரக் காலத்தில் காஞ்சிக் கைக்கோள நெசவாளர்களுக்குத் தண்டு (பல்லக்கு) ஏறவும் சங்கு ஊதவும் உரிமை இருந்தது. மற்ற ஊர்க் கைக்கோளர்கள் காஞ்சியை முன்மாதிரியாகக் காட்டித் தங்களுக்கும் அதே உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். வரலாற்றாசிரியர் விஜயா ராமசாமியின் ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கடைக்காரர் சொல்லும் மயில் விளக்கத்தை விட, காஞ்சி நெசவின் கௌரவத்தைப் பற்றி இந்தக் கல்லும் செம்பும் அதிகம் பேசுகின்றன.

பட்டு புனிதமா என்ற கேள்வியிலும் காஞ்சியும் சீனமும் வேடிக்கையான முறையில் சந்திக்கின்றன. புழுவைக் கொன்று எடுக்கும் பட்டைத் துறவி உடுத்தலாமா என்று 7-ஆம் நூற்றாண்டுச் சீனப் பௌத்தத்தில் பெரிய விவாதம். துறவி தாவ்சுவான் கூடாதென்றார். இந்தியா வந்து திரும்பிய யீஜிங், இந்தியத் துறவிகளே உடுத்துகிறார்கள், நாம் ஏன் மறுக்க வேண்டும் என்று வாதிட்டார். 20-ஆம் நூற்றாண்டில், பட்டே பிழைப்பான ஊரின் பெயரைத் தாங்கிய காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், உயிர்க்கொலையைச் சொல்லிப் பட்டுடுத்த வேண்டாமென்று பெண்களைக் கேட்டுக்கொண்டார். மடிக்குப் பட்டு உகந்தது என்ற நம்பிக்கையும் அந்த வேண்டுகோளும் ஒரே வீடுகளில் இன்றும் அருகருகே இருக்கின்றன.

தறிக்கு வருவோம். பழைய காஞ்சித் தறியில் உருவத்துக்கான பாவு நூல்களைத் தூக்க 'அடை' கட்டியிருப்பார்கள். உதவிக்கு ஒருவர் வேண்டும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வருவதால் மூன்று நாடா ஓடும். வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைப் போடவும் ஓர் ஆள். அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது ஒரு சிறுவன். காஞ்சிபுரத்துத் தறிகளில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகவே பேசியது. கோர்வையின் அழகைப் பாடும் கட்டுரைகள் இதைத் தவிர்ப்பது நேர்மையில்லை. ஜக்கார்டு அட்டைகள் வந்தபின் அடை மறைந்துகொண்டே போனது. சீன நூல் மட்டும் மறுபடி வந்தது. சீனக் கச்சாப் பட்டு இங்கே மலிவாக வந்து குவிய, 2003-இல் இந்திய அரசு அதன் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட வேண்டியதாயிற்று. ஹான் தூதர்கள் கொண்டுவந்த சரக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு சுங்கப் பிரச்சினையாக வந்து நின்றது. 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடைசியாக, இந்த ஆய்வுக்கு இருக்கும் பெரிய தடை. தாங் காலச் சீனப் பட்டைத் தில்லியில் பார்க்கலாம். ஜப்பானின் நாரா நகரில், 756-இல் பேரரசி கோமியோ கோயிலுக்குக் கொடுத்த துணிகள் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுப் பழமையான காஞ்சிப் புடவையைப் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது? நம் கோயில்கள் துணியைச் சேர்த்துவைப்பதில்லை. சாத்திய பட்டு பிரசாதமாகப் போகும், அல்லது ஏலத்துக்குப் போகும். அதுதான் முறை, அதில் குற்றமில்லை. வீடுகளில் இருப்பது வேறு வழியில் போகிறது. பழைய ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றிப் பொன்முலாம் பூசியது. பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம் என்று தெருவில் வருபவர் எடை போடுவது அந்த வெள்ளிக்காக. வாங்கிய புடவை நெருப்பில் வெந்து, கொஞ்சம் உலோகம் மிஞ்சும். நம் பாட்டிமாரின் கரைகளும் முந்திகளும் இப்படித்தான் ஆவணமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. 1937-இல் நெசவுக்கூடம் தொடங்கிய கலாக்ஷேத்திரா, பழைய புடவைகளைத் தேடிப் பார்த்து அவற்றின் கரைகளை மீட்டெடுத்தது. அப்போது தேடக் கிடைத்தது இப்போது கிடைப்பதில்லை.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அம்மாவின் அல்லது பாட்டியின் பட்டுப் புடவை இருந்தால், விற்பதற்கு முன் அதைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, உடல், கரை, முந்தி மூன்றையும் முன்னும் பின்னுமாகப் படம் எடுங்கள். யாருடைய கல்யாணத்துக்கு, எந்த ஆண்டு, எந்த ஊரில் வாங்கியது, அந்தக் கரையை வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை எழுதிவையுங்கள். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் வயதான நெசவாளர் யாரையாவது தெரிந்திருந்தால் படத்தைக் காட்டி அவர் சொல்லும் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் புடவையை விற்காதீர்கள்.